பதினோரு நிமிடம்

முதல் இரண்டு சத்தத்தையும் பட்டாசு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். மூன்றாவதற்குச் சுவர் அதிர்ந்தது. பட்டாசுக்குச் சுவர் அதிராது.

தீபாவளிக்கு முதல் நாள், மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் நான் தூங்குகிறவன். சிறுசேரியில் நாலு வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். அமெரிக்காவில் நெட் வராதவர்கள் போன் செய்து திட்டுவார்கள், நான் மன்னிப்புக் கேட்பேன். அதற்குத்தான் சம்பளம். ஏழு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஆபீஸ் கார் வந்து வாசலில் ஹார்ன் அடித்தது. நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் டிரைவர் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டான். வேலை போனது, தூக்கம் மட்டும் பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது.

எழுந்து ஹாலுக்கு வந்தேன். தரையில் தோசைக்கல் கிடந்தது. அங்கிருந்து பாத்ரூம் வரை ரத்தம் சொட்டிக்கொண்டு போயிருந்தது. பாத்ரூம் கதவுக்கு முன்னால் தினகரன் மாமா சுத்தியோடு நின்றார். என் அக்கா ஹேமாவதியின் புருஷன். பம்மலில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் ஒன்று வைத்திருக்கிறார். தோல் மடிப்பை அடித்துப் படியவைக்கிற சுத்தி அது, முகம் அகலமாக இருக்கும். ரத்தம் அவருடையதுதான். இடது காது கிழிந்து சட்டைக் காலர் வரை நனைந்திருந்தது.

"வெளிய வாடீ! இன்னிக்கி உன் மண்டையப் பொளக்கல, நான் எங்கம்மாவுக்குப் பொறக்கல!"

"வரேன். நீ சுத்தியக் கீழ போடு, நான் கல்லை எடுத்துக்கினு வரேன்," என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

புரிந்துவிட்டது. மாமா அக்காவை அடிப்பது புதிதில்லை. இன்றைக்கு அவள் திருப்பி அடித்துவிட்டாள். திருப்பி வாங்கியவன் பழையபடி நாலு அறையோடு நிறுத்த மாட்டான்.

பாத்ரூம் கதவு பிளாஸ்டிக் கதவு. ஈரத்துக்கு உளுத்துப் போகாது என்று போட்டது. சுத்திக்கு அது ஒன்றுமேயில்லை. அக்கா உள்ளேயிருந்த வாஷிங் மெஷினைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததால் மட்டுமே அது இன்னும் நின்றது. நடுவில் ஏற்கனவே ஒரு விரிசல் ஓடியிருந்தது.

வாசலைப் பார்த்தேன். இரும்பு கிரில் கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. அடிப்பதற்கு முன் கேட்டைப் பூட்டிச் சாவியைப் பேன்ட் பையில் போட்டுக்கொள்வது மாமாவின் வழக்கம். யாரும் நடுவில் வந்து தடுக்கக் கூடாது, அவளும் ஓடக் கூடாது. கேட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டால் அந்த வீட்டில் எல்லோருக்கும் அடுத்தது என்ன என்று தெரியும்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். ஐம்பத்தெட்டு கிலோ எடை எனக்கு. அவர் உதறினார், நான் சோபாவில் மோதித் திரும்புவதற்குள் சுத்தி இறங்கியது. தலைக்கு வந்தது தோளில் விழுந்தது. கழுத்துக்குக் கீழே இருக்கிற எலும்பு, முறுக்கு உடைவது போல உடைந்தது. எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலது கை தூக்க வரவில்லை.

"நீயும் வாங்குறியாடா மச்சான்? உனுக்கும் கீதுடா இன்னிக்கி," என்றார் மாமா. மறுபடி கதவுப் பக்கம் திரும்பினார்.

அப்போது என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் வரவழைக்கவில்லை. நாலு வருடம் ராத்திரி முழுக்கப் பேசிய குரல், தாழ்ந்து, அவசரமில்லாமல்.

"மாமா, உங்க கோவம் நியாயம். என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க. நான் கேக்குறேன்."

அவர் திரும்பினார். "இன்னாடா நியாயம்? இன்னா தெரியும் உனுக்கு?"

அதுதான் வேண்டும். கேள்வி கேட்டுவிட்டால் லைனில் இருக்கிறான் என்று அர்த்தம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஆறு.

கேட்டுக்கு வெளியே பச்சையம்மா அத்தை வந்து நின்றார். தினகரன் மாமாவின் அம்மா. வீடு அவருடையது, மாடியில் இருக்கிறார். பெருங்களத்தூரில் இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் நிலம்.

"இன்னாடா தினகரா, வூட்ட இடிக்கிறியா? மேல டப்பாலாம் உருளுது!" என்றவர் கம்பி வழியாக உள்ளே பார்த்தார். "ஐயோ, இன்னாடா ரத்தம்!"

"நீ மேல போம்மா. இது எங்க வூட்டு விசயம்."

"இது என் வூடுடா நாயே! கேட்டத் தொற!"

அவர் கத்தக் கத்த மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் இடது கையைத் தூக்கி, பூட்டைக் காட்டி, அறுப்பது போல விரலை முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினேன். அத்தைக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் இது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு எதிரே கட்டுகிற அபார்ட்மென்ட் பக்கம் ஓடினார். அங்கே பால்கனிக்குக் கிரில் வைக்கிற குமரேசன் இருப்பான். அவனிடம் இரும்பு அறுக்கிற மெஷின் இருக்கிறது. அன்றைக்கு மதியத்தோடு வேலை முடித்து ஊருக்கு பஸ் ஏறுகிறேன் என்று காலையில் சொல்லிக்கொண்டிருந்தான். இருக்கிறானா, போய்விட்டானா, தெரியாது.

ஆபீசில் ஒரு அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் டீம் லீடர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். நான் முதல் தடவையாக நீட்டப் பார்த்தேன்.

"சொல்லுங்க மாமா. எதுல ஆரம்பிச்சுது?"

"அதிரசம்டா! ஒரு அதிரசம் சுடத் தெரியல. எண்ணெயில போட்டா பிரிஞ்சி பிரிஞ்சி போவுது. எங்கம்மா முன்னாடி, நல்ல நாளும் அதுவுமா. கேட்டா, நீ வந்து சுடுன்றா. எங்கைல கரண்டி இருந்துச்சி. ஒண்ணு வெச்சேன். அதுக்கு கல்ல எடுத்து அடிப்பாளாடா பொம்பள?"

குறுக்கே பேசவில்லை. திட்டுகிறவனை முதல் ஒன்றரை நிமிடம் கொட்ட விட வேண்டும். அமைதியாக இருங்கள் என்று மட்டும் சொல்லவே கூடாது, அந்த வார்த்தைக்கு மனிதனைப் பைத்தியமாக்குகிற சக்தி உண்டு. அவர் அதிரசத்திலிருந்து கல்யாணத்துக்குப் போனார், கல்யாணத்திலிருந்து எங்கள் அப்பா போடாத சங்கிலிக்குப் போனார். நடுநடுவே சுத்தியால் கதவை ஒரு தட்டுத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் விரிசல் அரை விரல் நீண்டது.

மூச்சு வாங்க நின்றபோது கேட்டேன். "அக்கா எத்தனை அடி அடிச்சுது மாமா?"

"இன்னா?"

"எத்தனை அடி?"

யோசித்தார். கோபத்தில் இருப்பவனை எண்ணச் சொன்னால் கொஞ்சம் இறங்குவான். ஒரே மண்டையில் இரண்டும் சேர்ந்து ஓடாது. மோடத்தில் எத்தனை விளக்கு எரிகிறது என்று நான் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன்.

"ரெண்டு. இல்ல, மூணு. ஒண்ணு கையில பட்டுச்சி."

"கல்லு சூடா இருந்துச்சா?"

"சூடா இருந்தா காது இருக்குமாடா? ஆறுன கல்லு."

"ரத்தம் நின்னுடுச்சா, இன்னும் வருதா?"

சுத்தியை இடது கைக்கு மாற்றி வலது கையால் காதைத் தொட்டார். விரலைப் பார்த்தார். "வருது," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நானும் என் குரலை இன்னும் இறக்கினேன். நாம் தாழ்த்திப் பேசினால் எதிராளி கேட்பதற்காகவாவது சத்தத்தைக் குறைப்பான்.

"சோபால அந்தத் துண்டு இருக்கு மாமா. அதை வெச்சு அழுத்துங்க. உக்காந்து அழுத்துனாதான் நிக்கும்."

அவர் உட்காரப் போனார். அப்போது அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்.

"யாருகிட்டடா கொஞ்சுற சிவா, உன் ஆபீஸ் கஸ்டமர்கிட்டயா? இத்தினி நாளு காதுல பஞ்சு வெச்சுக்கினு தூங்குன இல்ல? போ, போய் இன்னும் தூங்கு!"

மாமா துள்ளித் திரும்பி சுத்தியை ஓங்கி அடித்தார். கதவின் மேல்பாதி பிளந்து ஒரு துண்டு உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக அக்காவின் நெற்றி தெரிந்தது. புருவத்துக்கு மேல் கரண்டி பட்ட இடம் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. ஆபீசில் மியூட் பட்டன் இருந்தது. வீட்டில் இல்லை.

"மாமா," என்றேன். "மாமா. என்னைப் பாருங்க. அக்கா சொல்றது என்னைத்தான். உங்களை இல்ல. திட்டு எனக்கு."

"உன்னையா?"

"என்னைத்தான். நான் தூங்குனதுக்கு."

அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். சிரித்தேவிட்டார். "சரியாத்தான் சொல்றா. கும்பகர்ணன்டா நீ. தண்டச்சோறு."

"ஆமா மாமா."

"வேலையும் இல்ல."

"இல்ல மாமா."

என்னைத் திட்ட ஆரம்பித்தார். நான் அவரை விடவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டேன். நாலு வருடம் முகம் தெரியாதவர்களிடம் இதைத்தான் வாங்கினேன். ஒவ்வொரு விடியலும் அதைச் சுமந்துகொண்டு வந்து இந்த வீட்டில் செத்த மாதிரி படுத்தேன். உபயோகமில்லாத நாலு வருடம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். இப்போது சோபாவில் உட்கார்ந்து, மடியில் சுத்தி, காதில் துண்டு என்று அவர் திட்டத் திட்ட, கடிகாரம் இரண்டு பதினைந்து காட்டியது. கதவு மேல் அடி விழவில்லை. ஒவ்வொரு நிமிடமும் அந்த நாலு வருடத்திலிருந்துதான் வந்தது.

இரண்டு பதினேழுக்கு அவர் களைத்துவிட்டார். தலையைப் பின்னால் சாய்த்தார். சுத்தியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"சரி விடு," என்றார். "அவள வெளிய வரச் சொல்லு. மன்னிப்புக் கேட்டுட்டுச் சோத்தப் போடட்டும்."

முடிந்தது என்று என் மூளை எடுத்துக்கொண்டது. திட்டுகிறவன் அடங்கினால் அழைப்பு முடிந்தது, முடிந்தால் கடைசியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மார்க் போய்விடும். ஒரு ராத்திரிக்கு அறுபது தடவை, நாலு வருடம். என் வாய் தானாகக் கேட்டது.

"சரி மாமா. வேற ஏதாவது உங்களுக்கு நான் உதவி பண்ணலாமா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். வங்கியிலிருந்தும் கேஸ் கம்பெனியிலிருந்தும் அதே குரலில் அதே கேள்வி அவருக்கு வந்திருக்கிறது. இத்தனை நேரம் தன் குறையை ஒரு ஆளிடம் சொல்லவில்லை, ஒரு கவுன்ட்டரில் சொல்லியிருக்கிறோம் என்று அவருக்கு விளங்கியது.

"இன்னாடா சொன்னே?"

"இல்ல மாமா..."

"என்ன வெச்சி ஆபீஸ் வேல காட்டுறியா? எங்கிட்டயே?"

முதல் அடி தரையில் கிடந்த என் வலது கையில். மூன்று விரல்கள் ஒடிந்தன. இரண்டாவது வாயில், சுத்தியின் பக்கவாட்டில் பட்டது. அதன் அகல முகம் பட்டிருந்தால் இதை எழுத நான் இல்லை. பல் நாக்கின் மேல் விழுந்தது, அதை விழுங்கிவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பாத்ரூம் கதவை மூன்று அடியில் இடுப்பு வரை உடைத்தார். ஓட்டை வழியாகக் கையை விட்டு வாஷிங் மெஷினைத் தள்ளப் பார்த்தார்.

அக்கா இரும்பு வாளியால் அந்தக் கையை அடித்தாள். அவர் அலறினார். மறுபடி அடித்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டு மறு கையால் சுத்தியை உள்ளே வீசி வீசி அடித்தார். ஓடு உடைந்தது, குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியது. ஒரு வீச்சு அவள் மேல் பட்டது. அவள் கத்திய விதத்தில் தெரிந்தது.

நான் தவழ்ந்து போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். தைரியம் ஒன்றுமில்லை. பேச வாய் இல்லை, தூக்க வலது கை இல்லை, இடது கை மட்டும் இருந்தது. அதை அவர் முழங்காலுக்குப் பின்னால் கோர்த்து என் முழு எடையையும் போட்டு இழுத்தேன். அவர் என் முதுகில் அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் மூச்சு நின்று வந்தது. இப்போது எண்ணிக்கொண்டிருந்தது நான். ஐந்தாவது வரைக்கும் எண்ணினேன். விட்டால் அவர் ஒரு காலடி முன்னால் போவார், அந்த ஒரு காலடியில் உள்ளே நுழைந்துவிடுவார். அது மட்டும் தெளிவாக இருந்தது. விடவில்லை.

அப்போதுதான் வாசலில் இரும்பு அறுக்கிற சத்தம் கிளம்பியது. தெருவில் யாரோ ஆயிரம் வாலா கொளுத்தியிருந்தார்கள், இரண்டும் கலந்து கேட்டது. தீப்பொறி ஹாலுக்குள் வந்து விழுந்தது. பூட்டு அறுந்ததும் குமரேசனும் அவனோடு இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். குமரேசன் கையில் ஒரு கம்பி.

முதல் அடியிலேயே மாமா விழுந்துவிட்டார். அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. விழுந்தவனை மூன்று பேரும் விலாவிலும் முகத்திலும் மிதித்தார்கள். நான் அவர் காலுக்கடியில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பரிதாபம் வரவில்லை. குமரேசனை ஓடி ஓடிக் கூட்டிவந்த பச்சையம்மா அத்தைதான் குறுக்கே விழுந்தார்.

"போதும்டா! என் புள்ள செத்துருவான்டா!"

"பூட்ட அறுன்னு நீதான ஆயா கூப்ட?" என்று குமரேசன் மூச்சிரைக்கக் கேட்டான்.

"பூட்டத்தான்டா அறுக்கச் சொன்னேன்!"

அக்கா உடைந்த கதவு வழியாக வாஷிங் மெஷின் மேல் ஏறி வெளியே வந்தாள். நைட்டி முழுக்க ஈரம். இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்க்கவில்லை. என் முன்னால் குந்தி என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"பல்லு எங்கடா?"

உள்ளங்கையைத் திறந்து காட்டினேன்.

"கெட்டியா வெச்சுக்கோ," என்றாள்.

ரோடு முழுக்கத் தென்மாவட்டத்துக்குப் போகிற பஸ்ஸும் காரும் அடைத்து நின்றன. குமரேசன் ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்து, சந்து சந்தாக நுழைந்து எங்களைத் தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அவன் பஸ் போய்விட்டது.

அக்காவுக்கு முழங்கை உடைந்திருந்தது. எனக்குக் கழுத்தெலும்பு, மூன்று விரல், இரண்டு விலா, ஒரு பல். மாமாவை வேறு வார்டில் வைத்திருந்தார்கள். கட்டுப் போட்டு முடித்து நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பச்சையம்மா அத்தை வந்தார். முந்தானையில் இரண்டு இட்லிப் பொட்டலம்.

"சாப்டு கண்ணு," என்று அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அத்தை என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, போலீஸ்காரம்மா வருது. சீரியல் லைட் கட்டசொல்ல ஏணி சாஞ்சி எல்லாரும் வுழுந்துட்டோம்னு சொல்லிடு. நாளிக்குத் தீபாவளி. நான் அவன மாடில, என்கூட வெச்சிக்கறேன். உன் அக்கா கீழ இருக்கட்டும். இனிமே கை வெச்சா நானே அவன் கைய ஒடிக்கிறேன்."

"ஏன் அத்த, நாங்க எத்தன பேரு ஏணில ஏறுனோம்?" என்றாள் அக்கா.

"நீ பேசாத இரு. புருசன் மேல கல்ல வுட்டவ நீ. அதையும்தான் எழுதுவாங்க. அவனும் ஆஸ்பத்திரில கீறான். உன் தம்பி ஒருத்தன்தான் பாத்த ஆளு. அவன் சொல்றதுதான் செல்லும்."

அது சரிதான். அக்கா சொல்வதற்கு மாமா ஒன்று சொல்வார். குமரேசன் பார்த்தது கடைசி அரை நிமிடம். முழுதும் பார்த்தவன் நான்தான். ஏணி என்று நான் சொன்னால் அவள் அந்தக் கேட்டுக்குள் திரும்பிப் போக வேண்டியதுதான். புதுப் பூட்டு வாங்கியிருப்பார்கள்.

போலீஸ்காரம்மா வந்தார். பெயர் சாராள் என்று சட்டையில் இருந்தது. காலையிலிருந்து ரோட்டில் நின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அட்டையில் காகிதத்தை வைத்தார்.

"வாய் வலிக்குமே தம்பி. ரெண்டு ரெண்டு வார்த்தையா சொல்லுங்க. எப்படி அடிபட்டுச்சு?"

அத்தை என் முட்டியைத் தொட்டார்.

"சுத்தி," என்றேன். "மாமா அடிச்சாரு. கேட்டப் பூட்டிட்டு."

அத்தை கையை எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அதிரசம், கரண்டி, தோசைக்கல். கல்லை மறைக்கவில்லை, மறைத்தால் மற்றது பொய்யாகிவிடும். பதினோரு நிமிடம் பேசியதைச் சொன்னேன். நான் கேட்ட கடைசிக் கேள்வியையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

"இதுக்கு முன்னாடி அடிச்சிருக்காரா?"

"அடிப்பாரு. வாரத்துக்கு ஒரு தடவை. பக்கத்து ரூம்ல நான் இருப்பேன். காதுல பஞ்சு வெச்சுக்குவேன். எழுந்து வர மாட்டேன்."

"அது வேணாம் தம்பி," என்றார் சாராள். "உங்க மேல நீங்களே குத்தம் சொல்ற மாதிரி இருக்கு. கேஸுக்கு அவசியமில்ல."

"எழுதுங்க மேடம்."

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"அஞ்சு," என்றாள் அக்கா.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். கல்யாணமாகி ஐந்து வருடம் தாண்டிவிட்டது. வேலைக்குச் சேர்ந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. அந்த முதல் வருடம் எனக்கு ஷிப்ட் கிடையாது. எல்லோரையும் போல ராத்திரியில்தான் தூங்கினேன்.

"அஞ்சு," என்றேன்.

சாராள் நாலை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். வலது கையில் கட்டு இருந்ததால் மை டப்பாவைத் திறந்து நீட்டினார். நான் இடது கட்டைவிரலை வைத்தேன்.